எழுதிய வினாவும் கேட்ட வினாவும்: பன்னாட்டு உளநல ஆய்வுக் கூட்டுறவில் தமிழ்த்துறையின் இடம்

உளநல ஆய்வு ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கி நின்ற காலம் கடந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 1960களின் இறுதியில் மேற்கொண்ட, மனச்சிதைவு நோய் குறித்த பன்னாட்டு முன்னோடி ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த ஒன்பது மையங்கள் பங்கேற்றன. 1,202 நோயாளர் ஒரே வகையான நேர்காணலுக்கு உட்படுத்தப்பட்டனர். இந்தியாவிலிருந்து ஆக்ரா அதில் இடம்பெற்றது. சென்னையில் 1981இல் 90 நோயாளருடன் தொடங்கிய நெடுங்கால ஆய்வும், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் பணிகளும் தமிழ் பேசும் நோயாளரை உலக ஆய்விதழ்களின் பக்கங்களுக்குக் கொண்டு சென்றன. சென்னை மருத்துவரும் லண்டன் மருத்துவரும் ஒரே ஆய்வுத்திட்டத்தில் கையொப்பமிடுவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று.

இக்கூட்டுறவுகளில் மருத்துவர் உள்ளனர். புள்ளியியலார், சமூகப்பணியாளர், பொருளியலார் உள்ளனர். நோயாளர் பேசுவது தமிழ். அத்தமிழை அறிவதையே தொழிலாகக் கொண்ட நாம் எங்கே இருக்கிறோம்? 'மொழிபெயர்ப்பு' என்ற ஒற்றை வரிச் செலவினத்தில் இருக்கிறோம் என்பதே என் அனுபவம் தரும் விடை. நம் துறைக்கு நேர்ந்த சிறுமையாக இதை எண்ணிப் புலம்புவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்நிலையால் ஆய்வே பிழைபடுகிறது. நோயுற்றவர் நோயற்றவராகவும், நோயற்றவர் நோயுற்றவராகவும் கணக்கில் ஏற நேர்கிறது. என் கவலை அதுவே.

ஒரு நாள் களத்தில்

முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்த தொடக்க நாட்களில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் இணைந்து நடைபெற்ற உளநல ஆய்வுத்திட்டத்தின் வினாநிரலைச் 'சரிபார்க்க' அழைக்கப்பட்டேன். பக்கக் கணக்கில் ஊதியம். இரண்டு நாள் அவகாசம். வினாநிரல் ஏற்கெனவே தமிழாக்கப்பட்டு, அத்தமிழ் வேறொருவரால் மீண்டும் ஆங்கிலமாக்கப்பட்டு, இரண்டு ஆங்கில வடிவங்களும் பொருந்துவதாகச் சான்றும் பெற்றிருந்தது. எனக்கு எஞ்சியது ஒற்றுப்பிழை. வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் திருத்திக் கொடுத்தேன். அதில் எனக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சில வாரங்கள் கழித்து, என் விருப்பத்தின்பேரில், களப்பணியாளருடன் வட மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றேன். வினாநிரலில் அச்சாகியிருந்த தொடர் இது: 'கடந்த இரண்டு வாரங்களில், செயல்களைச் செய்வதில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததால் எத்தனை நாட்கள் தொல்லையுற்றீர்கள்?' சமூகப்பணி பயின்ற அந்த இளம்பெண் தாளை ஒருமுறை பார்த்தார். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியை ஒருமுறை பார்த்தார். 'ரெண்டு வாரமா வேல செய்யப் புடிக்காம இருக்கா ஆயா?' என்று கேட்டார். 'புடிக்கலைன்னா யாரும்மா செய்வா?' என்று விடை வந்தது. கட்டத்தில் சுழியம் இடப்பட்டது.

களப்பணியாளர்மீது குற்றமில்லை. அச்சிட்ட தொடரை அவ்வாறே படித்திருந்தால் அம்மூதாட்டி அவரைத் திகைத்துப் பார்த்திருப்பார். ஆனால் நிகழ்ந்தது என்ன? 'செயல்கள்' என்பது 'வேலை' ஆயிற்று. 'ஆர்வம், மகிழ்ச்சி' என்பன 'பிடித்தல்' ஆயின. முன்பு இன்பம் தந்தவை இப்போது தரவில்லையா என்பது மூல வினா. அது, கடமையை வெறுக்கிறாயா என்ற வினாவாகத் திரிந்துவிட்டது. கடமையை வெறுப்பதாக எந்த மூதாட்டி ஒப்புக்கொள்வார்? அவருடைய விடை குடும்பத்தில் அவருக்குள்ள இடத்தைச் சொல்லியது, உளநிலையைச் சொல்லவில்லை. அடுத்த தெருவில் வேறொரு களப்பணியாளர் அதே வினாவை 'எதுலயும் மனசு ஒட்டலையா?' என்று கேட்டார். மூலத்துக்கு இது பெரிதும் நெருங்கியது. அங்கே 'ஆமாம்மா' என்ற விடை கிடைத்தது. இரு வீடுகளுக்கும் இடையே உளநிலை வேறுபட்டதா, வினா வேறுபட்டதா என்பதைப் பின்னர்க் கணினியில் ஏறிய எண்களைக் கொண்டு எவராலும் கூற இயலாது.

இரட்டை வழக்கு என்னும் இடைவெளி

மொழிபெயர்த்தல், மீள்மொழிபெயர்த்தல், வல்லுநர் குழு, முன்னோட்டம் என அமைந்த நடைமுறை உலக நலவாழ்வு நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளால் ஏற்கப்பட்டது. அதை எள்ளி நகையாடுவது எளிது. அதனினும் மேலான ஒன்றை அமைப்பது அரிது. ஆயினும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் விலகி நிற்கும் மொழியில் இந்நடைமுறைக்குள் ஓர் ஓட்டை உள்ளது. சோதிக்கப்படுவது எழுத்துத் தமிழ். நோயாளரிடம் சென்று சேர்வது பேச்சுத் தமிழ். களப்பணியாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் மூன்றாவது மொழிபெயர்ப்பு ஒன்றைச் செய்கிறார். அதை எவரும் மீள்மொழிபெயர்ப்பதில்லை. பேச்சுத் தமிழிலேயே வினாக்களை அச்சிடலாமே எனில், எந்த வட்டாரத்துப் பேச்சு, எந்தச் சமூகத்துப் பேச்சு என்ற வினா எழுகிறது. இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் பயிற்சி கிளைமொழியியல் கற்பிக்கும் துறைகளில் உள்ளது. மருத்துவக் கல்லூரியில் இல்லை.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது வினாக்கள் கொண்ட அளவுகோலின் கடைசி வினா சாவு குறித்தது. அதற்கு வரும் விடையைப் பொறுத்தே ஒருவரை உடனே மருத்துவரிடம் அனுப்புவதா, வேண்டாவா என்பது முடிவாகிறது. தமிழ்ப் பேச்சில் 'செத்துடலாம் போல இருக்கு' என்பது நெரிசல் மிக்க பேருந்தில் நிற்பவரும் கூறும் தொடர். 'அவன் கூப்பிட்டுக்கிட்டா போதும்' என்பது முதியோர் வாயில் நாள்தோறும் வரும் வேண்டுதல். அதில் களைப்பும் உண்டு, இறைப்பற்றும் உண்டு, மருமகளின் காதில் விழட்டும் என்ற குறிப்பும் உண்டு. மாறாக, 'மனசு விட்டுப்போச்சு' என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கூறினால், அதில் சாவு என்ற சொல் இல்லாவிடினும் கேட்பவர் எழுந்து நிற்க வேண்டும். 'மனசு விட்டுப் பேசு' என்பதில் உள்ளத்தைத் திறப்பதைக் குறிக்கும் அதே வினை, 'மனசு விட்டுப்போச்சு' என்பதில் பிடிப்பெல்லாம் நழுவிவிட்டதைக் குறிக்கிறது. ஒலிப்பதிவைப் பெயர்த்தெழுதுபவர் இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் இழப்பு ஓர் எழுத்துப்பிழையோடு நிற்பதில்லை.

முதுமை மறதி நோய் குறித்த '10/66' ஆய்வுக் குழுவை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர் தோற்றுவித்தது அது. முதுமை மறதி உடையோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடே அந்நாடுகளில் நிகழ்ந்தது என்ற நிலையைப் பெயரிலேயே தாங்கியது. நகர்ப்புறச் சென்னையும் ஊர்ப்புற வேலூரும் அதன் இந்திய மையங்களாயின. பள்ளி செல்லாதவரை மறதி நோயாளர் எனத் தவறாகக் கணிக்காத அளவீட்டு முறையை உருவாக்கியது அக்குழுவின் பெரும்பணி. அவ்வளவீட்டில் பத்துச் சொற்களைக் கேட்டு நினைவுகூரும் பகுதி ஒன்றுண்டு. அது 'செராட்' என்னும் ஆங்கிலத் தொகுப்பிலிருந்து தழுவப்பட்டது. வெண்ணெய், கை, கடிதம், அரசி, பயணச்சீட்டு ஆகியவற்றுக்குரிய எளிய ஆங்கிலச் சொற்கள் அம்மூலப் பட்டியலில் உள்ளன. அவற்றை நேராகத் தமிழாக்க முனைபவர் எதிர்கொள்வன எவை? ஆங்கிலத்தில் தோள் முதல் மணிக்கட்டு வரை ஒரு சொல், அதன்கீழ் வேறு சொல். தமிழில் இரண்டும் 'கை', அதுவும் ஓரெழுத்தொருமொழி. 'அரசி' என்று உரக்கக் கூறினால் எதிரே இருப்பவர் காதில் 'அரிசி' விழக்கூடும். வெண்ணெய்க்குப் பின் அரிசி வந்தால் இரண்டும் அடுக்களைப் பொருளாகி நினைவில் ஒன்றையொன்று இழுக்கும். 'கடிதம்' புரியும், ஆனால் நினைவிலிருந்து மீளும்போது 'லெட்டர்' என்றே வரும். அது சரியான விடையா, தவறா? 'பயணச்சீட்டு' என்று எழுத்தில் நாம் எழுதலாம். 'டிக்கெட்' என்றால்தான் வேலூர் மாவட்டத்து மூதாட்டிக்கு அது தம் மொழிச் சொல். இவை அற்ப நுட்பங்கள் எனத் தோன்றலாம். ஆனால் பத்துச் சொற்களில் மூன்றை ஒருவர் இழப்பது மூளையினாலா, பட்டியலினாலா என்பது இவ்வற்ப நுட்பங்களிலேயே உள்ளது.

ஒரு சொல், இரண்டு நோய்

கலைச்சொல்லாக்கத்தில் நம் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'மன அழுத்தம்' என்பது ஒரு நாள் அலுவலக நெருக்கடியைக் குறிக்கிறது. மறுநாள் மருந்து வேண்டும் நோயைக் குறிக்கிறது. 'மனச்சோர்வு' என்ற சொல் நோய்க்கென உள்ளது. எனினும் 'சோர்வா இருக்கு' என்று கூறும் நோயாளர் உடற்களைப்பையே எண்ணுகிறார். 'மன இறுக்கம்' இரண்டுக்கும் இடையில் அலைகிறது. இது வெறும் அகராதிச் சிக்கலன்று. 2017ஆம் ஆண்டின் உளநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் நெருக்கடிக்கு உட்பட்டிருந்தார் எனக் கொண்டு அவரைத் தண்டனையிலிருந்து விலக்குகிறது. அந்நெருக்கடியைக் 'கடும் மன அழுத்தம்' என்று தமிழில் எழுதும்போது, படிப்பவர் அதை நோய் என்றே கொள்வார். சட்டமோ அவரை நோயாளர் எனச் சொல்லவில்லை.

பாக்குநீரிணையைக் கடந்தால் நிலை வேறு. ஈழத்து மருத்துவ வழக்கில் 'நெருக்கீடு', 'பதகளிப்பு', 'மனவடு' என்ற சொற்கள் வேரூன்றியுள்ளன. தயா சோமசுந்தரம் முதலிய உளமருத்துவர் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பணியாற்றியபோது, துன்புற்ற மக்களுக்குத் தமிழிலேயே விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. தேவையே அச்சொற்களை நிலைபெறச் செய்தது. 'வடு' என்ற சொல்லில் ஆறிய புண்ணும் ஆறாத நினைவும் ஒருங்கே உள்ளன. தமிழ்நாட்டுக் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கூடி வடித்த சொற்களில் இத்தகைய உயிர்ப்பு அரிது என்பது என் துணிபு; மறுப்போர் மறுக்கலாம். ஆனால் சென்னையில் செப்பம் செய்த வினாநிரலை 'தமிழ் வடிவம்' என்ற பெயரில் கிளிநொச்சிக்கோ டொராண்டோவுக்கோ அனுப்புவது முறையன்று என்பதில் ஐயமில்லை.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் இலங்கைக் கரையோரத்துக்கு உதவியாளருடன் ஆய்வாளரும் வந்திறங்கினர். துயரின் நடுவே வினாநிரல்கள் நீட்டப்பட்டன. இதன் அறச்சிக்கல்களை இலங்கை ஆய்வாளர் அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் அடுத்த ஆண்டே 'லான்செட்' இதழில் எழுப்பினர். உறவை இழந்து முகாமில் இருப்பவரிடம் பெறும் ஒப்புதல், ஒப்புதல்தானா? உதவி தருபவர் யார், ஆய்வு செய்பவர் யார் என்று அவருக்குப் பிரித்துணர்த்தப்பட்டதா? 'எவ்வேளையிலும் விலகிக்கொள்ளும் உரிமை உமக்குண்டு' என்ற செந்தமிழ் வாக்கியம் இவ்வினாக்களுக்கு விடையாகாது.

ஹராரே நகரத்துப் பாட்டிமார்

பன்னாட்டுக் கூட்டுறவு என்றாலே இவ்வாறுதான் ஆகும் எனச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனமும் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகமும் இணைந்து, முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளானோரை ஈராண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தன. சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். 2020இல் வெளியான அவ்வாய்வின்படி, விருப்பமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறிகள் சென்னையினரிடம் கூடுதலாகத் தணிந்தன. குடும்பத்தினரின் பங்கேற்பும் சென்னையில் மிகுதி. இரு நகரத்து ஆய்வாளரும் கட்டுரையின் ஆசிரியராக இடம்பெற்றனர். தரவு ஒரு நாட்டிலும் ஆசிரியர் மறு நாட்டிலும் இருந்த பழைய முறையோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம்.

மொழியை முதற்படியில் வைத்த கூட்டுறவுக்கு நான் காட்ட விரும்பும் சான்று சிம்பாப்வேயினுடையது. அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசீசா' என்ற சொல் உண்டு. அளவுமீறி எண்ணிக்கொண்டேயிருத்தல் என்பது அதன் பொருள். 'ஒரே யோசனையா இருக்கு' என்று நம் மக்கள் கூறுவதற்கு அது மிக அண்மையது. 1990களில் விக்ரம் படேலும் சிம்பாப்வே ஆய்வாளரும், மருத்துவ நிலையங்களுக்கு வந்த மக்களின் சொற்களிலிருந்தே தொடங்கி, 14 வினாக்கள் கொண்ட ஷோனா அளவுகோலை அமைத்தனர். ஆங்கில அளவுகோலை ஷோனாவாக்கும் வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. பின்னர் 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமாருடன் 'நட்பு இருக்கை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவ நிலைய வளாகத்தில் ஒரு மர இருக்கை; அதில் பயிற்சி பெற்ற பாட்டி; அருகே துயருற்றவர். உரையாடலின் படிநிலைகளுக்கும் ஷோனாப் பெயர்களே. முதற்படியின் பெயருக்கு மனத்தைத் திறத்தல் என்பது பொருள். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2016இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளியானது. ஆறு மாதங்களுக்குப்பின், இருக்கையில் அமர்ந்து பேசியோரிடம் நோய்க்குறிகள் குறைந்திருந்தன. லண்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் அதில் பங்காளிகள். லண்டனின் முறையியல் ஹராரேயில் பயன்பட்டது. ஆனால் துயரின் பெயர் ஹராரேயினுடையதாகவே இருந்தது.

நம் வீட்டுக் கணக்கு

தமிழில் அத்தகைய அளவுகோல் ஒன்றை அமைக்க ஒரு மருத்துவர் நாளை நம் துறையின் வாயிலுக்கு வந்தால், அவருக்குக் கொடுக்க நம்மிடம் என்ன உள்ளது? மெய்ப்பாட்டியல் குறித்த ஆய்வேடுகள் உள்ளன. தொல்காப்பியர் அன்றே உளவியல் கண்டார் என்று நிறுவும் கட்டுரைகள் ஏராளம். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இழிவுபடுதலையும், இழப்பையும், நிலை தாழ்தலையும், வறுமையையும் நிலைக்களன்களாக அவ்வியல் வகுப்பது உண்மையில் சிந்தனைக்குரியது. நோயை ஒருவரின் தலைக்குள் மட்டுமே தேடும் அளவுகோல்களுக்கு அது கூற வேண்டியது உண்டு. ஆனால் அதைப் பெருமைக்காகக் கூறிவிட்டு நின்றுவிட்டோம். இழிவுபடுத்தப்பட்ட ஒருவர் இன்று தருமபுரியில் எச்சொற்களால் தம் நிலையைக் கூறுகிறார், தூத்துக்குடியில் எச்சொற்களால் கூறுகிறார் என்று மாவட்டவாரியாகத் திரட்டினோமா? ஒப்பாரியைத் தொகுத்தோம், ஒப்பாரி வைக்க இயலாமல் வாய்மூடிப் படுத்திருப்பவரின் மொழியைத் தொகுக்கவில்லை. 1992இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியா அகராதி தற்காலத் தமிழையும் இலங்கை வழக்குகளையும் பதிந்து வழிகாட்டியது. அவ்வழியில் 'மனசு', 'நெஞ்சு', 'வயிறு', 'தலை' ஆகியவற்றைக் கொண்டு தமிழர் துன்பத்தைக் கூறும் தொடர்களை ஒலிப்பதிவுடன், வட்டாரம், அகவை, சூழல் ஆகிய குறிப்புகளுடன் திரட்டுவது ஒரு தமிழ்த்துறையின் ஐந்தாண்டுப் பணியாக அமையத்தக்கது. அத்தொகுப்பு நம் கையில் இருக்குமாயின் ஒற்றுப்பிழை திருத்த எவரும் நம்மை அழைக்கமாட்டார். வினாநிரலின் முதல் வரைவுக்கே அழைப்பர்.

மருத்துவ ஆய்வாளரின் இடர்ப்பாடுகளையும் நேர்மையாகக் கூற வேண்டும். வெளிநாட்டு நிதியுடன் நடைபெறும் உடல்நல ஆய்வுக்கு நடுவணரசின் தெரிவுக்குழு ஒப்புதல், நிறுவன நெறிக்குழு ஒப்புதல் எனப் பல படிகள் உள்ளன. நிதியின் காலமோ குறுகியது. மொழிக்கென ஓராண்டு ஒதுக்குங்கள் என்று கேட்பது எளிதன்று. ஆயினும் ஒரு வாயில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நிறுவன நெறிக்குழுவில் 7 முதல் 15 உறுப்பினர் இருக்க வேண்டும். அவர்களுள் சமூக அறிவியலாரோ மெய்யியலாரோ ஒருவரும், பொதுமக்கள் சார்பில் ஒருவரும் இடம்பெற வேண்டும். அவ்விருக்கைகளில் சமூக மொழியியல் பயின்ற தமிழாசிரியர் ஒருவர் அமரத் தடையில்லை. ஒப்புதல் படிவத்தை அவர் உரக்கப் படிக்கச் செய்தாலே போதும். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே நோயாளரின் உரிமை இடறுகிறது என்று மருத்துவர்க்குக் காட்டிவிடலாம்.

நான் கற்கும் துறையிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு நகரப் பேருந்தில் அரைமணி நேரப் பயணம். அதன் நெறிக்குழுவில் இடம் கேட்டு நாங்கள் எழுதியதில்லை. இவ்விதழ் வெளிவருமுன் அக்கடிதத்தை எழுதித் துறைத்தலைவரின் கையொப்பத்துக்கு வைக்க எண்ணியுள்ளேன்.